நீச்சல் குளத்தில் மிதக்கும் எண்ணெய்: ஸ்பாஞ்ச் எதை உறிஞ்சும், எதை விட்டுவிடும்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளங்களுக்குத் திருவிழாக் களை வந்துவிடும். விடியற்காலையில் பெரியவர்கள், ஏழு மணிக்குக் கோடைப் பயிற்சி முகாம் பிள்ளைகள், சாயங்காலம் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் என்று எல்லோரும் தண்ணீரில்தான். அந்தப் பிள்ளைகளின் தலையைக் கவனித்திருக்கிறீர்களா? பாட்டி கைப்படத் தேங்காய் எண்ணெய் வைத்து, படிய வாரிய தலை. வெயிலுக்குப் பயந்து அம்மா பூசிவிட்ட சன்ஸ்கிரீன் முகத்திலும் தோளிலும் வெள்ளையாகத் தெரியும். அப்படியே ‘தொபுக்’கென்று குதிப்பார்கள்.

மே மாதப் பாதியில் குளத்தின் ஓரத்து டைல்ஸைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் உயரத்தில் சுற்றிவர ஒரு பழுப்புக் கோடு இருக்கும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலமும் தெரியும்.

எங்கள் குடியிருப்பில் போன கோடையில் இந்தக் கோட்டைப் பற்றித்தான் வாட்ஸ்அப் குழுவில் பெரிய விவாதம். யாரோ ஒருவர் ஒரு லிங்க்கைத் தட்டிவிட்டார். நட்சத்திரம், ஆமை என்று விதவிதமான வடிவத்தில் மிதக்கும் ஸ்பாஞ்ச். “இதைப் போட்டா எண்ணெய் எல்லாத்தையும் உறிஞ்சிடுமாம், ரெண்டு வாங்கிப் பாக்கலாமா?” வாங்கினோம், போட்டோம். வேலையும் செய்தது. பத்து நாளில் ஓரத்துக் கோடு வெளிறிப்போனது, படலம் காணாமல் போனது, தண்ணீர் பளபளத்தது.

தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. தண்ணீரைப் பார்த்துச் சொக்கிப்போன நாங்கள் மற்றதை எல்லாம் மறந்துவிட்டோம். “கண்ணாடி மாதிரி இருக்கு சார், இதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?” என்று பூல் ஆபரேட்டர் கேட்டபோது யாருக்கும் அது தவறாகப் படவில்லை. மூன்றாவது வாரம் பிள்ளைகள் கண் சிவந்து, இருமிக்கொண்டு வந்தார்கள். எண்ணெய் போன குளம் சுத்தமான குளம் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். அந்த ஸ்பாஞ்ச் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

ஒரு ஸ்பூன் எண்ணெய், ஐம்பது சென்ட் குளம்

முதலில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீரில் நாலு பேர் தலையிலிருக்கும் எண்ணெய் எம்மாத்திரம்?

இதற்குப் பதில் 250 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. இடியும் மின்னலும் பற்றி ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் இருந்த காலத்தில், கிளாப்பம் காமன் என்ற இடத்துக் குளத்தில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். காற்றில் சிற்றலை ஓடிக்கொண்டிருந்த குளம் அது. ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாத அந்த எண்ணெய் பரவிப் பரவி ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பைக் கண்ணாடிபோல அசையாமல் ஆக்கிவிட்டது என்று அவர் எழுதினார். 1774இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. அரை ஏக்கர் என்றால் நம் கணக்கில் ஐம்பது சென்ட்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேக்கரண்டி எண்ணெய் 5 மில்லி என்று வைத்துக்கொண்டால், அது 2,000 சதுர மீட்டரில் பரவும்போது படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறின் உயரம். 20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு குடியிருப்புக் குளத்தை அப்படி மூடுவதற்கு அரை மில்லிகூட வேண்டாம், எட்டுச் சொட்டு போதும். எண்ணெய் வைத்து வாரிய ஒரு தலையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

தாவர எண்ணெய்கள் இப்படிப் பரவ ஒரு காரணம் உண்டு. அந்த மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்பகுதிக்குப் பிடிக்காது. அதனால் தண்ணீரின் மேல் காலூன்றி, வாலை வெளியே நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். முதல் வரிசைக்கு இடம் நிரம்பியதும் மிச்ச எண்ணெய் சிறு சிறு வட்டங்களாக மிதந்து, காற்றடிக்கும் திசையில் ஒதுங்கி, ஓரத்து டைல்ஸில் ஏறிக்கொள்கிறது.

சென்னையில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொள்ளும். ஓ.எம்.ஆர். பக்கத்துக் குளங்களில் பெரும்பாலும் போர் தண்ணீர் அல்லது லாரித் தண்ணீர். அதாவது உப்புத் தண்ணீர், கால்சியம் அதிகம். எண்ணெய் சிதைந்து வரும் கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒருவகை சோப்பாகிவிடும். குளியலறை வாளியில் படியும் வெள்ளைக் கசடு இருக்கிறதே, அதே இனம். குளத்து ஓரக் கோடு வெறும் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போகாமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் எப்படி?

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரைத்தான் குடிக்கும். எண்ணெய் உறிஞ்சும் ஸ்பாஞ்ச் நேர்மாறு. அதன் நுண்ணிய துளைகளின் சுவர்கள் தண்ணீரை விரட்டும், எண்ணெயை வரவேற்கும் தன்மை உள்ளவை. எண்ணெய் தேய்த்த கையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்பவை. பிடிக்காத சுவரைக் கண்டால் தங்களுக்குள் சுருண்டுகொள்ளும். எண்ணெய்க்கு அந்தப் பிடிவாதம் இல்லை. சுவரில் ஒட்டிப் படர்ந்து, விளக்குத் திரியில் ஏறுவதுபோலத் துளைக்குள் தானாக ஏறிவிடும்.

இப்படி ஒரு பொருள் நம் வீட்டிலேயே உண்டு, இலவம் பஞ்சு. அதன் இழை உள்ளே கூடான ஒரு குழாய், வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் போட்டால் மிதக்கும், எண்ணெயில் போட்டால் குடிக்கும். அந்த மிதக்கும் குணத்துக்காகவே கப்பல்களின் உயிர்காப்பு ஜாக்கெட்டுகளில் இலவம் பஞ்சை அடைத்துவந்தார்கள். காத்திருந்த கிளிக்குத்தான் இலவு ஏமாற்றம்போல. மனிதத் தலைமுடியும் இதே ரகம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, நீர்நாய்களின் ரோமத்தில் எண்ணெய் அப்பிக்கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த ஓர் அமெரிக்க முடிதிருத்துநர், தன் கடையில் வெட்டி விழும் முடியால் எண்ணெயை எடுத்தால் என்ன என்று யோசித்தார். முடியால் செய்த விரிப்புகள் பிறகு எண்ணெய்க் கசிவுகளில் பயன்பட்டன.

உண்மையில் இந்த ஸ்பாஞ்சுகளின் பெரிய சொந்தக்காரர்கள் கடல்காரர்கள்தான். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு வெடித்த பிறகு இந்த ஆராய்ச்சி வேகம் பிடித்தது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2017இல் அறிவித்த ‘ஓலியோ ஸ்பாஞ்ச்’ தன் எடையைப்போல் 90 மடங்கு எண்ணெயை உறிஞ்சக்கூடியது. மெத்தையிலும் சோஃபாவிலும் இருக்கும் அதே பாலியூரித்தேன் நுரைதான் அதற்கு அடிப்படை. அதன் துளைகளுக்குள் எண்ணெயைப் பிடிக்கும் மூலக்கூறுகளைப் பூசியிருந்தார்கள். பிழிந்தால் எண்ணெய் வந்துவிடும், மறுபடி பயன்படுத்தலாம். அதே 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது நாம் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தோம் என்பது மறக்கக்கூடிய காட்சியல்ல. ஆனால் அது தார்போல இறுகிப்போன எண்ணெய். அதற்கு எந்த ஸ்பாஞ்சும் உடனடி மருந்தாகியிருக்காது.

குளத்துக்கு விற்கும் ஸ்பாஞ்ச் கடலுக்கானதைவிட எளிமையானது. வாங்கும்போது ஒரு சின்ன சோதனை போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் மிளகாய்த்தூள் குழைத்த நல்லெண்ணெயை நாலு சொட்டு விடுங்கள். ஸ்பாஞ்சில் ஒரு துண்டை மேலே போடுங்கள். சிவப்பு எண்ணெய் அதில் ஏறி, துண்டு மிதந்தபடியே இருந்தால் சரியான பொருள். துண்டு கனத்து மூழ்கினால் அது தண்ணீரைக் குடிக்கிறது. சுவர்க் கறை தேய்க்க விற்கும் வெள்ளை ‘மேஜிக் ஸ்பாஞ்ச்’ இந்த இரண்டாவது வகை. கொஞ்சம் எண்ணெயையும் பிடிக்கும், ஆனால் வயிறு முட்டத் தண்ணீரைக் குடித்துவிடும். டென்னிஸ் பந்தை மிதக்கவிடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. பந்தின் மேலுள்ள ரோமம்போன்ற துணி கொஞ்சம் எண்ணெயை வாங்கிக்கொள்ளும். பைசா செலவில்லை, பலனும் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

எங்கே போடுவது? எங்கே போடவே கூடாது?

நடுக்குளத்தில் மிதக்கவிட்டால் பிள்ளைகள் எடுத்து எறிந்து விளையாடுவார்கள். எங்கள் ஆமை இரண்டு நாளில் ஒரு காலை இழந்தது. எண்ணெய் மேற்பரப்பில் இருக்கிறது, மேற்பரப்புத் தண்ணீர் ஓடி வந்து சேரும் இடம் ஸ்கிம்மர். அதன் கூடைக்குள் வைப்பதுதான் முறை. சுற்றிலும் தண்ணீர் வழிந்தோடும் ஓவர்ஃப்ளோ குளமாக இருந்தால், வழிந்த தண்ணீர் போய்ச் சேரும் பேலன்சிங் டேங்க்கில் கட்டி விடலாம். பம்ப் ஓடும் நேரமெல்லாம் தண்ணீர் அதைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கூடையை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய ஸ்பாஞ்ச் வேண்டாம், பம்ப்புக்குத் தண்ணீர் வரத்து குறைந்துவிடும்.

இதனால் உடனே பிழைப்பது ஃபில்டர். மணல் ஃபில்டரில் எண்ணெய் போய்ச் சேர்ந்தால் மணல் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் மணலின் ஊடே பரவலாகப் போகாமல் ஓட்டை விழுந்த இடம் வழியே ஓடிவிடும். பேக்வாஷ் செய்தாலும் அந்த எண்ணெய் லேசில் போகாது. ஸ்பாஞ்ச் முன்னாலேயே கொஞ்சத்தைப் பிடித்து நிறுத்தினால் அதுவே பெரிய உதவி.

வாரம் ஒருமுறை எடுத்துப் பிழிந்து, டிஷ்வாஷ் போட்டு அலசி, சோப்பு நுரை துளிகூட இல்லாமல் கழுவ வேண்டும். துளை நிரம்பிய ஸ்பாஞ்ச் அதற்குமேல் எதையும் வாங்காது. கழுவாமல் மாதக்கணக்கில் விட்டால் எண்ணெயும் தோல் அழுக்கும் சேர்ந்து கிருமிகளுக்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். குளோரின் பட்டுப் பட்டு நுரையும் பொடியத் தொடங்கும். பொடிய ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இனி சொல்லப்போவதை உங்கள் ஆபரேட்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குளோரின் மாத்திரையைப் பல இடங்களில் ஸ்கிம்மர் கூடைக்குள்தான் போடுகிறார்கள். எண்ணெய் குடித்த ஸ்பாஞ்சும் குளோரின் மாத்திரையும் ஒரே கூடையில் இருக்கவே கூடாது. குளத்துக்குப் போடும் குளோரின் பொருட்கள் எல்லாமே கடுமையான ஆக்சிஜனேற்றிகள். அதிலும் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை எண்ணெய், கிரீஸ் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. டி.சி.சி.ஏ. மாத்திரையையும் இந்தக் குருணையையும் ஒன்றாகக் கொட்டினால் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. பிழிந்த ஸ்பாஞ்ச், எண்ணெய்த் துணி இவற்றை கெமிக்கல் வைத்திருக்கும் பம்ப் ரூமில் காயப்போடுவதும் கூடாது. எங்கள் பம்ப் ரூமில் ஸ்பாஞ்ச் தொங்கிக்கொண்டிருந்தது எங்கே தெரியுமா? பாதி திறந்த குளோரின் டப்பாவுக்கு நேர் மேலே, ஓர் ஆணியில்.

கண்ணுக்குத் தெரியாதது

இப்போது பிள்ளைகளின் சிவந்த கண்ணுக்கு வருவோம். ஸ்பாஞ்ச் பிடிப்பது மிதக்கும் எண்ணெயை. சன்ஸ்கிரீன் க்ரீமில்கூட ஒரு பகுதிதான் அதன் கையில் சிக்கும். க்ரீம் என்பதே எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்த கலவை என்பதால் மீதி தண்ணீரோடு கலந்துவிடும். வியர்வையும் சிறுநீரும் முழுக்கக் கரைபவை. அவற்றை எந்த ஸ்பாஞ்சாலும் தொட முடியாது.

அவ்வளவு சிறுநீரா கலக்கிறது என்று முகம் சுளிக்கலாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதை அளந்தே காட்டினார்கள். டயட் பானங்களில் சேர்க்கும் அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்ற செயற்கை இனிப்பு உடம்பில் செரிக்காமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். குளத்து நீரில் அந்த இனிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் சிறுநீரின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். 8,30,000 லிட்டர் கொண்ட ஒரு குளத்தில் சுமார் 75 லிட்டர் சிறுநீர் இருந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். நாலு குடத்துக்கு மேல்.

சிறுநீரிலும் வியர்வையிலும் உள்ள யூரியா, அம்மோனியா போன்ற நைட்ரஜன் சரக்கு குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகிறது. கண் எரிச்சல், மூக்கில் ஏறும் நெடி, இருமல் எல்லாம் இதன் வேலை. “குளோரின் வாடை தூக்குது, நல்லா மருந்து போட்டிருக்காங்க” என்று நாம் சொல்வது தலைகீழான முடிவு. ஒழுங்காகப் பராமரித்த குளத்தில் வாடை பெரிதாக இருக்காது. நெடி தூக்கினால், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டி அங்கேயே முடங்கிக் கிடக்கிறது என்று பொருள்.

இதனால்தான் எந்த டெஸ்ட் கிட் என்பது முக்கியமாகிறது. இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும் கிட்தான் நம்மூரில் மலிவாகக் கிடைப்பது. அது மொத்தக் குளோரினைக் காட்டும். வேலைக்குத் தயாராக இருப்பது எவ்வளவு, முடங்கிப்போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இளஞ்சிவப்பாகும் டி.பி.டி. கிட் ‘ஃப்ரீ குளோரின்’ எவ்வளவு என்று தனியாகக் காட்டும். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மிச்சம், முடங்கிப்போன குளோரின். எங்கள் குளத்தில் மஞ்சள் கிட்டில் பார்த்தபோது ‘நார்மல்’ என்று வந்தது. இளஞ்சிவப்புக் கிட்டில் நிறம் ஏறவே இல்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நீச்சல் குளத்தில் ஃப்ரீ குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். இருக்க வேண்டும் என்கிறது. சயனூரிக் அமிலம் கலந்த குளோரின் என்றால் 2 பி.பி.எம். நம் ஊர்க் குளங்களில் பெரும்பாலும் போடும் டி.சி.சி.ஏ. அந்த வகைதான், ஆகவே 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். 7.0 முதல் 7.8க்குள் இருக்க வேண்டும். அது ஏறிவிட்டால் குளோரின் இருந்தும் சோம்பேறியாகிவிடும். இவ்வளவு சரியாக இருந்தாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் குளோரின் நீரில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் குளத்துப் பக்கமே விடாதீர்கள். பயிற்சிக் கட்டணம் வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம்.

வெந்நீர்த் தொட்டி வேறு கதை

ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளிலும் ஜிம்களிலும் இப்போது ‘ஜக்குசி’ வந்துவிட்டது. அது ஒரு கம்பெனியின் பெயர், நம் ஊரில் வெந்நீர் குமிழிடும் தொட்டிக்கே பெயராகிவிட்டது. நீச்சல் குளத்து நியாயம் எதுவும் அங்கே செல்லாது.

ஒரு கணக்கு. 1,500 லிட்டர் தொட்டியில் நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 375 லிட்டர். அதே நெருக்கடி இரண்டு லட்சம் லிட்டர் குளத்தில் வர வேண்டுமானால் ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். சூட்டில் உடம்பு வியர்க்கும், தோலின் எண்ணெய் இளகும், குளோரினும் வேகமாகத் தீரும். ஜெட்டைப் போட்டதும் பீர் மாதிரி நுரை பொங்குகிறதே, அது பெரும்பாலும் லோஷன், எண்ணெய், நீச்சலுடையில் அலசாமல் விட்ட சோப்பு எல்லாம் சேர்ந்த நுரை. ஸ்பாஞ்சுக்கு இங்கே வேலை அதிகம், பலனும் சீக்கிரம் தெரியும். மூடி போடும்போது உள்ளே ஒன்றை மிதக்கவிட்டால் காலையில் நிறம் மாறியிருக்கும். குழாய்களின் உள்சுவரில் வழவழப்பாகப் படியும் கிருமிப் படலத்துக்குத் தீனியும் குறையும். ஆனால் அந்தப் படலத்தையே ஸ்பாஞ்ச் அகற்றாது.

அந்தப் படலத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. பூக்களோடு வீட்டுப் பொருட்களையும் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அதில் குமிழிடும் வெந்நீர்த் தொட்டியும் ஒன்று. வந்தவர்கள் அதில் குளிக்கவில்லை, அந்த வழியே நடந்துதான் போனார்கள். தொட்டியிலிருந்து எழுந்த நுண்துளிகளில் லெஜியோனெல்லா பாக்டீரியா இருந்தது. அதை மூச்சில் இழுத்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். 32 பேர் இறந்துபோனார்கள்.

காட்சிக்கு வைத்த தொட்டி என்பதால் அதில் தலை எண்ணெயும் இல்லை, சன்ஸ்கிரீனும் இல்லை. ஸ்பாஞ்ச் போட்டிருந்தால் அது வெள்ளையாகவே மிதந்திருக்கும்.

வெந்நீர்த் தொட்டிக்கு சி.டி.சி. கேட்கும் ஃப்ரீ குளோரின் குறைந்தது 3 பி.பி.எம். சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை முழுக்க மாற்றுவது என்பதற்கு ஓர் எளிய கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. தொட்டியின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, 11ஆல் வகுத்து, வரும் விடையை ஒரு நாளில் இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1,500 லிட்டர் தொட்டியில் தினம் 20 பேர் இறங்கினால் ஏழு நாளுக்குள் மாற்றியாக வேண்டும். விடுதியில் இறங்குவதற்கு முன் “கடைசியா எப்ப தண்ணி மாத்துனீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் மலையைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கலாம். தொட்டியில் குளித்த ஓரிரு நாளில் நீச்சலுடை மூடியிருந்த இடத்தில் சிவந்த அரிப்புப் பருக்கள் வந்தால், அது சூடோமோனாஸ் பாக்டீரியாவால் வரும் தடிப்பாக இருக்கலாம். எங்கே குளித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே இருந்த குழாய்

கோயில் குளத்துப் படிக்கட்டில் ‘எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். சங்கதி அவ்வளவுதான். குளத்தில் இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே உடம்பின் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும் என்கிறது சி.டி.சி. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் ஒரு நிமிடம் போதாது, ஷாம்பூவோ சீயக்காயோ போட்டு அலசித்தான் ஆக வேண்டும். சிலிகான் தொப்பி கொஞ்சம் தடுக்கும், முழுதாகத் தடுக்காது. பிள்ளைகளுக்கு எண்ணெயே வைக்கக் கூடாது என்று பாட்டிமாரிடம் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. குளத்துக்குப் போய்வந்து குளித்த பிறகு வையுங்கள் என்றால் கேட்டுக்கொள்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் குளத்துக்குப் பக்கத்திலேயே ஷவர் இருந்தது. ஒரு வருடமாகத் தண்ணீர் வரவில்லை. ஸ்பாஞ்ச் வாங்கலாமா என்று நூறு மெசேஜ் போட்ட குழுவில் அதைப் பற்றி ஒரு மெசேஜ்கூட இல்லை. வால்வு மாற்ற பிளம்பருக்கு ஆனது அரை மணி நேரம். ஸ்பாஞ்ச் இப்போதும் ஸ்கிம்மர் கூடையில் இருக்கிறது. குளோரினை அதற்கென்று தனியாக உள்ள மிதவையில் போடுகிறோம், அதுவும் குளத்தில் ஆளில்லாத நேரத்தில் மட்டும். ஆணியைப் பிடுங்கியாகிவிட்டது.

குளத்து வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறோம். காலையும் மாலையும் ஃப்ரீ குளோரின், பி.எச்., நேரம் மூன்றையும் ஆபரேட்டர் எழுதிவைக்கிறார். குளத்தின் ஆழமான பக்கத்தில் தரையிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்பதற்கு ஒரு டிக். அது தெரியவில்லை என்றால் அன்றைக்குக் குளம் மூடல். மூழ்கிய ஒரு பிள்ளையும் அந்தத் தண்ணீரில் தெரியாது. எட்டு வயது வாண்டுகள் அந்த எண்களை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள், ஒரு நாள் எழுதாமல் விட்டால் “அங்கிள், இன்னைக்கு நம்பர் எங்க?” என்று நிறுத்திக் கேட்கிறார்கள். ஷவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போவது இன்னமும் பெரியவர்கள்தான்.